கிக் தொழிலாளர்கள்: சட்டம் தருவது எது, தராதது எது?

உணவு டெலிவரி செய்பவர், கேப் ஓட்டுபவர், பைக் டாக்ஸிக்காரர், மளிகைப் பொருளைச் சில நிமிடங்களில் வாசலுக்குக் கொண்டுவருபவர், ஆப்பில் புக் செய்தால் வீட்டுக்கு வந்து ஏசி சர்வீஸ் செய்பவர், அழகுநிலைய வேலையை வீடு தேடி வந்து செய்யும் பெண்கள். இவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் கிக் தொழிலாளர்கள் என்கிறோம். மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் காசு. நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, 2020-21-ல் இந்தியாவில் இப்படி வேலை செய்தவர்கள் 77 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. 2029-30-ல் இது 2.35 கோடி ஆகும் என்றும் சொன்னது.

இவர்களுக்கு பி.எஃப். உண்டா? வண்டியில் அடிபட்டால் யார் பொறுப்பு? காலையில் எழுந்து பார்த்தால் ஐடி பிளாக் ஆகியிருக்கிறது என்றால் யாரிடம் போய்க் கேட்பது? எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்போம். சட்டத்தின் பார்வையில் இவர் தொழிலாளியா, இல்லை சொந்தமாகத் தொழில் செய்பவரா?

தொழிலாளி என்றால் குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு, மிகைநேர ஊதியம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடை, காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்க முடியாது என்ற பாதுகாப்பு என்று ஒரு நீண்ட வரிசை பின்னால் வரும். சொந்தத் தொழில் செய்பவர் என்றால் இவற்றில் ஒன்றும் வராது. நிறுவனங்கள் சொல்வது இரண்டாவதைத்தான்: "நாங்கள் வாடிக்கையாளரையும் டெலிவரி பார்ட்னரையும் இணைக்கும் ஆப் மட்டுமே. அவர் விரும்பினால் லாகின் செய்வார், விரும்பாவிட்டால் போய்விடுவார். எங்களுக்கும் அவருக்கும் முதலாளி, தொழிலாளி உறவு இல்லை."

சரி, அப்படித்தானா என்று ஒரே ஒரு ஆர்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஆப்பில் ஒரு ஆர்டர் விழுகிறது. எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்பதை ஆப் சொல்கிறது. ஏற்றுக்கொள்ள சில நொடிகள்தான் அவகாசம். அடிக்கடி மறுத்தால் அடுத்தடுத்த ஆர்டர் குறையும், இன்சென்டிவ் கைவிட்டுப் போகும். கடைக்குப் போனால் பிரியாணி இன்னும் தயாராகவில்லை. இருபது நிமிடம் வெயிலில் நிற்கிறார். எந்த வழியாகப் போக வேண்டும் என்பது மேப்பில் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்குவது என்பதை நிறுவனம் முடிவு செய்கிறது, இவருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. ரேட் கார்டு மாறினால் மாறியதுதான், பேரம் கிடையாது. டிராப் செய்த பிறகு வாடிக்கையாளர் ரேட்டிங் போடுகிறார். அந்த ரேட்டிங்தான் அடுத்த வாரம் இவருக்கு என்ன கிடைக்கும் என்பதை நிர்ணயிக்கிறது. டீ ஷர்ட்டும் பையும் நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றன. வண்டியும் பெட்ரோலும் போனும் இவருடையவை.

சொந்தமாகத் தொழில் செய்கிறவர் தன் விலையைத் தானே சொல்வார், தன் வாடிக்கையாளரைத் தானே சேர்த்துக்கொள்வார். பூக்கடைக்காரர் அப்படி, வீட்டுக்கு வரும் எலக்ட்ரீஷியன் அப்படி. டெலிவரி ஊழியருக்கு இந்த இரண்டுமே இல்லை. அவருக்கு இருக்கும் சுதந்திரம் எப்போது லாகின் செய்வது என்பது மட்டும்தான். அதிலும் வாடகை கட்டும் அளவுக்குச் சம்பாதிக்க வேண்டும் என்றால் மதியமும் இரவும் பீக் நேரத்தில் ஆப்பில் இருந்தே ஆக வேண்டும்.

வருமானக் கணக்கையும் பார்த்துவிடலாம். புரிந்துகொள்வதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. பத்து மணி நேரத்தில் 20 ஆர்டர், ஆர்டருக்கு 40 ரூபாய் என்றால் 800 ரூபாய். வெறும் வண்டியாகத் திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்து 100 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோலுக்கு 230 ரூபாய் போகும். டயர், ஆயில், சர்வீஸ், போன் ரீசார்ஜ் எல்லாவற்றுக்கும் நாளுக்கு 60 என்று ஒதுக்கினால் மிஞ்சுவது 510 ரூபாய். மணிக்கு 51. ஆப் திரையில் தெரிவது 800, வீட்டுக்குப் போவது 510. "அவங்க நல்லா சம்பாதிக்கிறாங்க" என்று யாராவது சொன்னால் எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காத்திருந்த நேரத்துக்கு இந்தக் கணக்கில் எங்கேயும் காசு இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இந்தக் கேள்வியை நாம் முன்பே கடந்து வந்திருக்கிறோம்

கிக் வேலை புதிது, அதனால் பழைய சட்டம் பொருந்தாது என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஆப் புதிதுதான். ஆனால் "விரும்பிய நேரத்தில் வருகிறார், செய்த அளவுக்குக் கூலி வாங்குகிறார், எனவே அவர் தொழிலாளி இல்லை" என்ற வாதம் பழசு. இந்திய நீதிமன்றங்கள் அதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டன, ஏற்கவும் இல்லை.

1961-ல் பிர்திசந்த் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தவர்கள் பீடி சுற்றுபவர்கள். இத்தனை மணிக்கு வர வேண்டும், இத்தனை மணிக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. எத்தனை பீடி சுற்றினார்களோ அத்தனைக்குத்தான் கூலி. இருந்தாலும் அவர்கள் தொழிற்சாலைச் சட்டப்படி தொழிலாளர்களே என்றது நீதிமன்றம். தரம் குறைந்த பீடியைக் கழித்துத் தள்ளும் அதிகாரம் முதலாளியிடம் இருந்ததை அது கணக்கில் எடுத்துக்கொண்டது.

1973-ல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு. துணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய தையற்காரர்கள். சிலர் துணியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைத்தார்கள். தைத்தது சரியில்லை என்றால் திரும்பத் தைக்கச் சொல்லும் உரிமை கடைக்காரரிடம் இருந்தது. அந்த உரிமையே கட்டுப்பாட்டுக்கு ஓர் அடையாளம் என்று பார்த்து, அவர்களையும் வேலைக்கமர்த்தப்பட்டவர்களாகவே நீதிமன்றம் ஏற்றது.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது 1966-ன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். திருநெல்வேலி, தென்காசி பக்கம் போனால் வீட்டுத் திண்ணையில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். சமையல் முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தங்களுக்குத் தோதான நேரத்தில் சுற்றுவார்கள். கம்பெனிக்காரர் பக்கத்தில் நிற்பதில்லை. இலையும் தூளும் வாங்கிவந்து, சுற்றி, எண்ணிக் கட்டுக் கட்டிக் கொடுப்பார்கள். இதைவிடச் சுதந்திரமான வேலை நேரம் இருக்க முடியுமா? ஆனால் சட்டம் இவர்களைத் தொழிலாளர் என்றே எழுதியது. வீட்டிலிருந்து பீடி சுற்றுபவருக்கும் பி.எஃப். உண்டு என்று 1985-ல் பி.எம். படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. திண்ணையில் சுற்றுபவருக்கு பி.எஃப். கணக்கு இருக்க முடியும் என்றால், நொடிக்கு நொடி ஜிபிஎஸ்ஸில் கண்காணிக்கப்படும் டெலிவரி ஊழியருக்கு ஏன் முடியாது? நேர சுதந்திரமும் தொழிலாளர் உரிமையும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை.

2020 சட்டம் என்ன செய்தது?

நாடாளுமன்றம் 2020-ல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம்தான் கிக் தொழிலாளர் என்ற பிரிவை இந்தியச் சட்டத்துக்குள் முதலில் கொண்டுவந்தது. நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் அது ஒன்று. நான்கும் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தன.

அதன்படி மத்திய, மாநில அரசுகள் கிக் தொழிலாளர்களுக்காக ஆயுள் காப்பீடு, விபத்துக் காப்பீடு, மருத்துவம், மகப்பேறு, முதுமைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குத் திட்டங்கள் கொண்டுவரலாம். அதற்கான நிதியில் ஒரு பங்கை ஆப் நிறுவனங்கள் தர வேண்டும். ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம், ஆனால் அந்தத் தொகை கிக் தொழிலாளர்களுக்கு அவர்கள் கொடுக்கும் பணத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒருவர் ஒரு மாதத்தில் பல ஆப்களில் ஓட்டுவார், இடையில் விடுவார், மறுபடி சேர்வார். நிறுவனம் மாறினாலும் பாதுகாப்பு தொடர வேண்டும் என்றால் இப்படி ஒரு பொது நிதி தேவைதான். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு இதே வழி முன்பே இருக்கிறது. 1996-ல் வந்த சட்டம் தொடங்கிவைத்த முறைப்படி, கட்டடம் கட்டுபவர் கட்டுமானச் செலவில் ஒரு பங்கைத் தீர்வையாகக் கட்டுகிறார், அது நல வாரியத்துக்குப் போகிறது. எந்த மேஸ்திரியிடம் எத்தனை நாள் வேலை செய்தார் என்பது அங்கே தடையாக இல்லை.

இது நல்ல தொடக்கம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதே சட்டம் கிக் தொழிலாளரை வரையறுக்கும் இடத்தில், வழக்கமான முதலாளி, தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவர் என்று எழுதிவிட்டது. பீடித் தொழிலாளியை உள்ளே அழைத்துக்கொண்ட கதவு இங்கே வரையறையிலேயே சாத்தப்பட்டது. விளைவு, குறைந்தபட்சக் கூலியைப் பேசும் ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் கிக் தொழிலாளருக்கு இடமில்லை. பணி நீக்கத்தைப் பேசும் தொழில் உறவுச் சட்டத்திலும் இடமில்லை. வேலை நேரம், பணியிடப் பாதுகாப்பு பற்றிய சட்டத்திலும் இல்லை. நான்கில் ஒன்றில் மட்டும் பெயர் இருக்கிறது.

நலத்திட்டம் வேறு, உரிமை வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் இந்த விஷயத்தில் வரும் எந்தச் செய்தியையும் எளிதில் புரிந்துகொள்ளலாம். இறந்தால் குடும்பத்துக்குப் பணம், பிள்ளையின் படிப்புக்கு உதவி என்பது நலத்திட்டம். இன்றைய வேலைக்கு இவ்வளவாவது கூலி தந்தே ஆக வேண்டும், விசாரிக்காமல் என்னை நீக்க முடியாது என்பது உரிமை. அரசு அறிவிப்பு ஒன்று வரும்போது அது இந்த இரண்டில் எது என்று பாருங்கள். இதுவரை வந்தவற்றில் பெரும்பாலானவை முதல் வகைதான்.

ஐடி பிளாக்

டெலிவரி ஊழியர்களிடம் பேசினால் கூலிக்கு அடுத்து, சில நேரம் கூலிக்கும் முன்னால், அவர்கள் சொல்லும் பயம் இதுதான். சாப்பாடு வந்து சேரவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் புகார் தருகிறார். உண்மையில் அவர் வாட்ச்மேனிடம் கொடுக்கச் சொன்னார், இவரும் கொடுத்தார். மறுநாள் லாகின் ஆகவில்லை. ஆப்பில் உள்ள உதவிப் பக்கம் தானியங்கிப் பதில்களைத் தருகிறது. டீம் லீடருக்குப் போன் செய்தால், மேலிடத்தில் பிளாக் செய்திருக்கிறார்கள், நான் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். ஒரு தொழிற்சாலையில் இது நடந்திருந்தால் குற்றச்சாட்டு எழுத்தில் வந்திருக்கும், விளக்கம் சொல்ல வாய்ப்பு இருந்திருக்கும், தொழிலாளர் நீதிமன்றம் என்று ஒன்று இருந்திருக்கும். இங்கே வண்டிக் கடனுக்கான தவணை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும்.

இந்த இடத்தைத் தொட்ட சட்டங்கள் குறைவு. கிக் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் ராஜஸ்தான், 2023-ல். அது பெரும்பாலும் பதிவு, நல நிதி பற்றியது. 2025-ல் வந்த கர்நாடகச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் ஊழியருக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனம் நலக் கட்டணம் கட்ட வேண்டும். அதோடு, ஒருவரை நீக்குவதற்கு 14 நாள் முன்பே காரணத்துடன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆப்பின் தானியங்கி முறை ஊழியரின் கூலியையும் வேலையையும் எப்படித் தீர்மானிக்கிறது என்பதைச் சொல்லும் பொறுப்பையும் அது நிறுவனத்தின் மேல் வைத்தது. 14 நாள் என்பது கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். வாதாட அவகாசமும், வேறு வேலை தேட அவகாசமும் அதில்தான் இருக்கின்றன.

வெளிநாட்டில் பிரிட்டன் வழக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். 2021 பிப்ரவரி 19-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் இல்லை என்று தீர்ப்பளித்தது. அங்கே முழு ஊழியர், சுயதொழிலாளர் என்ற இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது பிரிவு ஒன்று உண்டு. ஓட்டுநர்கள் அதில் சேர்ந்ததால் குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்துடன் விடுமுறையும் கிடைத்தன. பயணி ஏறியதிலிருந்து மட்டுமல்ல, தன் பகுதியில் ஆப்பை ஆன் செய்து சவாரியை ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரம்தான் என்றது நீதிமன்றம். மேலே பிரியாணிக் கடை வாசலில் நின்ற இருபது நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த நெறிமுறை, ஒருவரின் கணக்கை முடக்கும் முடிவை மனிதர் ஒருவர்தான் எடுக்க வேண்டும், கணினி தானாக எடுக்கக் கூடாது என்கிறது. உறுப்பு நாடுகள் அதை 2026 டிசம்பருக்குள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் கதை எதிர்த் திசையில் போனது. ஓட்டுநர்களைத் தொழிலாளராக்கும் சட்டம் 2019-ல் வந்தது. நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் பிரச்சாரம் செய்து, 2020 வாக்கெடுப்பில் தங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டன.

தமிழ்நாட்டில் இன்று கையில் இருப்பவை

2023 சுதந்திர தின உரையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அறிவித்தார், அந்த ஆண்டு இறுதியில் வாரியம் அமைந்தது. 1982-ம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வரும் வாரியம் இது. விபத்து மரணம், ஊனம், இயற்கை மரணம், பிள்ளைகளின் கல்வி, திருமணம், மகப்பேறு, கண் கண்ணாடி என்று மற்ற அமைப்புசாராத் தொழிலாளர் வாரியங்களில் இருக்கும் உதவிகள் இங்கும் உண்டு. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் ஏசி ஓய்வறை திறந்தது. டெலிவரி வேலைக்கு வந்த பெண்களைக் கேட்டால் தெரியும், கழிப்பறை உள்ள ஓர் இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று. ஆனால் இந்த வாரியம் ரேட் கார்டைக் கேள்வி கேட்காது, பிளாக் ஆன ஐடியைத் திருப்பித் தராது. அதற்குக் கர்நாடகத்தைப் போலத் தனிச் சட்டம் வேண்டும்.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதிவு செய்துகொள்ளுங்கள். 2025-26 மத்திய பட்ஜெட், அதில் பதிவு செய்த கிக் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டையும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் அறிவித்தது.

அடுத்து, விபத்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிறுவனம் கைவிட்டாலும் சாலை விபத்துச் சட்டம் கைவிடாது, ஆனால் பலருக்கு இது தெரிவதில்லை. அடிபட்டால் முதலில் 108. தமிழ்நாட்டில் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால், தனியார் மருத்துவமனையாகவே இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரம்புக்கு உட்பட்டு அரசு பணம் தரும். மருத்துவமனையில் ஏஆர் காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், வாங்குங்கள். விபத்து எப்படி நடந்தது என்று அங்கே முதலில் எழுதப்படுவது பின்னால் வழக்கில் பெரிதாக நிற்கும். காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் கேளுங்கள், புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பிவிடாதீர்கள். எதிர் வண்டியின் மேல் தவறு என்றால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலேயே கேட்கக்கூடிய தொகையும் உண்டு: இறப்புக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம். உங்கள் வண்டியின் இன்சூரன்ஸில் உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஆன்லைனில் பாலிசி போடும்போது பிரீமியத்தைக் குறைக்க அந்த டிக்கை எடுத்துவிடுபவர்கள் நிறைய. வண்டி உங்கள் பெயரில் இருக்க வேண்டும், லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வருமானத்துக்கு ஓட்டினேன் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்ய வாய்ப்பு உண்டு என்பதால், பாலிசி எடுக்கும்போதே டெலிவரி வேலை என்று சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

கூட்டாகக் கேட்டால் நடக்குமா என்ற சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2025 டிசம்பர் 25, 31 தேதிகளில் நாடு முழுவதும் கிக் தொழிலாளர் சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தன. பத்து நிமிட டெலிவரியை நிறுத்து என்பது முக்கியக் கோரிக்கை. அடுத்த மாதமே மத்திய தொழிலாளர் துறை நிறுவனங்களை அழைத்துப் பேசியது, மளிகை டெலிவரி நிறுவனமான பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து பத்து நிமிட வாக்குறுதியை எடுத்தது. விளம்பரம் மாறியதால் மட்டும் ரோட்டில் அவசரம் குறைந்துவிடாது. ஆனால் சங்கம் பேசினால் அரசும் நிறுவனமும் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

டெலிவரி வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. ஆப்பில் வரும் வாராந்திர வருமானப் பக்கத்தை வாரம் தவறாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். விபத்து வழக்கில் இழப்பீட்டைக் கணக்கிடும்போது, மாதம் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். சம்பளச் சீட்டு உங்களிடம் இருக்காது. ஐடி பிளாக் ஆகிவிட்டால் ஆப்புக்குள் போகவும் முடியாது. அந்த ஸ்கிரீன்ஷாட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான் அப்போது உங்கள் பக்கம் பேசும்.